கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு: மருந்தும் மாற்று வழிகளும்

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) என்பது குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும், நரம்பு வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை ஆகும். கவனம் நிலைக்காமை, வயதுக்கு மீறிய துறுதுறுப்பு, யோசிக்காமல் சட்டென்று செயல்படுதல் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த கணக்கின்படி, உலக அளவில் சிறுவர் சிறுமியரில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இது உள்ளது. கோயம்புத்தூர் மாவட்டத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு ஒன்று 11.32 விழுக்காடு என்கிறது. கணக்கிடும் முறையைப் பொறுத்து எண்ணிக்கை இப்படி மாறுகிறது.

குழந்தைக்கு இந்நிலை இருப்பதாக மருத்துவர் சொன்னதும் பெற்றோர் முன் வரும் முதல் கேள்வி, ஆறேழு வயதுப் பிள்ளைக்குத் தினமும் மாத்திரை கொடுப்பதா என்பது. வேறு வழி உண்டா, அந்த வழி பலன் தருமா, காத்திருந்தால் படிப்பு கெடுமா என்ற கேள்விகள் அதைத் தொடர்ந்து வருகின்றன. இவற்றுள் சிலவற்றுக்கு ஆய்வுகள் தெளிவான விடை தந்துள்ளன.

முதலில் நோயறிதல்

ஏ.டி.எச்.டி.யைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இல்லை. பெற்றோரும் ஆசிரியரும் தரும் விவரங்களைக் கொண்டே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்; குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும்; வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும்; அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். பள்ளியில் மட்டும் அடங்காத பிள்ளைக்குப் படிப்பதில் குறைபாடு இருக்கலாம், காது மந்தமாக இருக்கலாம், அல்லது வகுப்பில் யாரேனும் அச்சுறுத்திக்கொண்டிருக்கலாம். இவற்றை விலக்கிய பிறகே மருந்தைப் பற்றிய பேச்சு எழ வேண்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட முடிவு இங்குக் கருதத்தக்கது. அங்கு டிசம்பர் 31 பள்ளிச் சேர்க்கைக்கான வயது வரம்பு நாள். டிசம்பரில் பிறந்தவர்கள் வகுப்பிலேயே மிக இளையவர்கள். ஜனவரியில் பிறந்தவர்கள் மூத்தவர்கள். டிசம்பரில் பிறந்த சிறுவர்கள் ஏ.டி.எச்.டி. என அடையாளம் காணப்படும் வாய்ப்பு ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மருந்து எழுதித் தரப்படும் வாய்ப்பு 41 விழுக்காடு கூடுதல். சிறுமியரிடம் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. ஒரு வயது இளைய பிள்ளையின் இயல்பான விளையாட்டுத்தனம் சில வேளை நோயாகப் பார்க்கப்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். ஒரே வகுப்பில் பதினோரு மாத வயது வேறுபாடு உள்ள பிள்ளைகள் அமர்வது தமிழ்நாட்டிலும் வழக்கம்தான்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. துள்ளாமல், யாரையும் தொந்தரவு செய்யாமல், சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கவனக்குறைவு மட்டும் இருக்கலாம். இவ்வகை சிறுமியரிடம் பலகாலம் கண்டறியப்படாமலே போகிறது.

மருந்துகள்

1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் இருந்த குழந்தைகள் மனநல இல்லத்தில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், சிறுவர்களின் தலைவலிக்காக பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 30 பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பாடங்களில் திடீரென முன்னேறினர்; நடத்தையிலும் அமைதி தெரிந்தது. இன்று மிகுதியாகப் பயன்படும் மெத்தில்பெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிட்சோன் என்ற வேதியியலாளரால் உருவாக்கப்பட்டது. அதன் வணிகப் பெயரான ரிட்டாலின், அவருடைய மனைவி மார்கரீட்டாவின் செல்லப் பெயரான ரீட்டாவிலிருந்து வந்தது.

இது தூங்க வைக்கும் மருந்து என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது ஊக்க மருந்து. மூளையின் நரம்புச் செல்களுக்கு இடையே டோபமின், நார்எபிநெப்ரின் ஆகிய வேதிப்பொருள்கள் கூடுதல் நேரம் தங்கும்படி செய்கிறது. அதனால் எதைக் கவனிப்பது, எதை விடுவது என்பதை மூளை ஓரளவு நன்றாகக் கையாள்கிறது. மாத்திரை தின்ற பிள்ளை பொம்மைபோல் உட்கார்ந்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பொருளில்லை; அளவு கூடிவிட்டது, அல்லது அந்த மருந்து பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று பொருள்.

சாதாரண மெத்தில்பெனிடேட் மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் செயல்படத் தொடங்கி 3 முதல் 4 மணி நேரம் வரை நீடிக்கும். மெதுவாகக் கரையும் வகைகள் 8 முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும். அதன்பின் விளைவு தீர்ந்துவிடும். உடனே பலன் தெரியும், ஒத்துவராவிட்டால் உடனே நிறுத்தவும் முடியும் என்பது இதில் ஒரு வசதி. மருந்து எதையும் கற்றுத் தருவதில்லை என்பதும் இதனாலேயே புரியும். அது உடலில் இருக்கும் வரைதான் அதன் வேலை.

பசி குறைதல், இரவில் தூக்கம் வரத் தாமதமாதல், வயிற்றுவலி, தலைவலி, மருந்து இறங்கும் மாலை வேளையில் எரிச்சல் ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். காலை உணவுக்குப் பின் மருந்து கொடுத்து, இரவில் வயிறார உணவு தருவதன் மூலம் பசிக்குறைவைப் பெரும்பாலும் சமாளிக்கலாம். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று உயரும் என்பதால், குழந்தைக்கு இதயக் கோளாறு உண்டா, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்ததா என்று மருத்துவர் கேட்பார். இக்கேள்வியை மறைக்காமல் எதிர்கொள்ள வேண்டும்.

அடிமையாகிவிடுவார்களோ என்பதே பெற்றோரின் பெரிய அச்சம். மெத்தில்பெனிடேட் இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பதில்லை. இந்தக் கட்டுப்பாடே அச்சத்தைக் கூட்டுகிறது. ஆனால் மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழியாக உட்கொண்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில், பிற்காலப் போதைப் பழக்கம் அதனால் கூடியதாகத் தெரியவில்லை. ஊக்க மருந்து ஒத்துவராதவர்களுக்கு அட்டோமாக்செட்டின் என்ற வேறுவகை மருந்து உண்டு. முழுப் பலன் தெரிய அதற்குச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் அரிதாகச் சிலரிடம் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கை இருப்பதால், அந்நாள்களில் பிள்ளையின் மனநிலையைக் கவனித்துவர வேண்டும்.

எம்.டி.ஏ. ஆய்வு சொன்னது

மருந்தையும் நடத்தைப் பயிற்சியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட மிகப் பெரிய முயற்சி, அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆதரவில் நடந்து 1999 டிசம்பரில் வெளியான எம்.டி.ஏ. ஆய்வு. 7 முதல் 9 வயது வரையிலான 579 குழந்தைகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குக் கவனமாக அளவு சரிபார்க்கப்பட்ட மருந்து, ஒன்றுக்கு நடத்தைப் பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும், மீதமுள்ள குழு தத்தம் ஊரில் கிடைத்த வழக்கமான சிகிச்சையைப் பெற்றது.

14 மாத முடிவில், கவனக்குறைவு, துறுதுறுப்பு ஆகிய அடிப்படை அறிகுறிகளில் மருந்துக் குழுவும் கூட்டுச் சிகிச்சைக் குழுவும் மற்ற இரண்டையும் தெளிவாக முந்தின. மருந்து ஆதரவாளர்கள் மேற்கோள் காட்டுவது இந்தப் பகுதியைத்தான். அதே ஆய்வில் வேறு சில செய்திகளும் இருந்தன. வழக்கமான சிகிச்சைக் குழுவிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மருந்து எடுத்தவர்களே. ஆனாலும் அவர்கள் பின்தங்கினர். மாதந்தோறும் சந்தித்து, ஆசிரியரின் கருத்தைக் கேட்டு, அளவைத் திருத்திய விதமே முக்கியமான வேறுபாடாக இருந்தது. நடத்தைப் பயிற்சிக் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகளை மருந்தே இல்லாமல் அந்த 14 மாதமும் நடத்திச் செல்ல முடிந்தது. கூட்டுச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறைந்த மருந்தளவே போதுமானதாக இருந்தது. பெற்றோரின் மனநிறைவும் மருந்து மட்டும் பெற்ற குழுவைவிட, பயிற்சி இடம்பெற்ற குழுக்களில் கூடுதலாக இருந்தது.

14 மாதத்துக்குப் பிறகு குடும்பங்கள் தாமே சிகிச்சையைத் தேர்ந்துகொண்டன. 2007இல் வெளியான மூன்றாம் ஆண்டு முடிவில் நான்கு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லாமல் போயிற்று. எல்லாக் குழுக்களிலும் பிள்ளைகள் தொடக்கத்தைவிட மேம்பட்டிருந்தனர். அக்கால அளவில் தொடர்ந்து மருந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிடச் சுமார் 2 சென்டிமீட்டர் குறைந்த உயரத்தில் இருந்ததும் தெரிந்தது. மருந்தின் குறுகியகாலப் பலன் உறுதியானது. பல ஆண்டுகளுக்கு அதே அளவில் நீடிக்கும் என்ற உறுதியை இந்த ஆய்வு தரவில்லை.

நடத்தைப் பயிற்சி

'மாற்று வழி' என்று சொல்லத்தக்கவற்றுள் வலுவான சான்று உள்ளது இதற்கே. பெயரைக் கேட்டால் பிள்ளைக்குத் தரும் பயிற்சி போலத் தோன்றும். பயிற்சி பெறுபவர்கள் பெற்றோர். "ஒழுங்கா இரு" என்ற பொத்தாம்பொதுவான அதட்டலுக்குப் பதில் "பையை அலமாரியில் வை" என்று ஒரே ஒரு செயலைச் சொல்வது, செய்தவுடனே பாராட்டுவது, அரைமணி வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரிப்பது, நட்சத்திரம் ஒட்டிச் சேர்த்துச் சிறு பரிசு தருவது, சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விடுவது போன்றவை இதில் அடங்கும். ஆசிரியர் நாள்தோறும் இரண்டு மூன்று குறிப்புகளை எழுதி அனுப்பும் அட்டை, வீட்டையும் பள்ளியையும் இணைக்கிறது. அடியும் திட்டும் இப்பயிற்சியில் இல்லை. ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்குத் தாமதமாக வரும் பலனைவிட உடனே கிடைக்கும் பலனே உறைக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. பரீட்சை முடிந்ததும் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்வது ஏன் எடுபடுவதில்லை என்பதற்கும் இதுவே விளக்கம்.

இதற்குப் பெற்றோர் நேரம் ஒதுக்க வேண்டும், பொறுமை வேண்டும், பயிற்றுநரும் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கடைசிச் சொன்னதே பெரிய தடை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் செயல்படும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள், பணம் செலவழிக்க இயலாத குடும்பங்கள் அணுகக்கூடிய ஓர் இடம்.

எதை முதலில் தொடங்குவது என்பதும் விளைவை மாற்றுகிறது. 5 முதல் 12 வயது வரையிலான 146 குழந்தைகளைக் கொண்டு 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பயிற்சியைத் தொடங்கித் தேவைப்பட்டால் மருந்தைச் சேர்த்த பிள்ளைகள், வகுப்பறை விதிகளை மீறுவது குறைவாக இருந்தது. மருந்தை முதலில் தொடங்கிய குடும்பங்களில் பலர், பின்னர் பயிற்சிக்கு வரச் சொன்னபோது வரவேயில்லை. மாத்திரையால் வீடு அமைதியான பிறகு வகுப்புக்குப் போகும் அவசரம் குறைந்துவிடுவது இயல்புதான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதல், 4, 5 வயதினருக்குப் பெற்றோர் பயிற்சியையே முதலில் பரிந்துரைக்கிறது. 6 முதல் 11 வயதினருக்கு மருந்தும் பயிற்சியும் சேர்ந்தது என்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சற்றே தயக்கமானது. சூழலில் மாற்றங்கள் செய்த பிறகும் பாதிப்பு கணிசமாக நீடித்தால்தான் மருந்து என்கிறது.

சர்க்கரை, சாயம், லேகியம்

இனிப்பு தின்றால் பிள்ளை ஆட்டம் போடும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. 1994இல் வெளியான ஒரு சோதனையில் சிறுவர்கள் அனைவருக்கும் சர்க்கரை இல்லாத பானமே தரப்பட்டது. பாதித் தாய்மாரிடம் மட்டும் சர்க்கரை தரப்பட்டதாகச் சொன்னார்கள். அந்தத் தாய்மார் தம் பிள்ளை மிகவும் துள்ளுவதாக மதிப்பிட்டதோடு, வழக்கத்தைவிட அதிகம் குறைகூறவும் செய்தனர். உண்மையான எந்த மாற்றுச் சிகிச்சையை மதிப்பிடும்போதும் இதை நினைவில் வைக்கலாம். நம்பிக்கையோடு பார்க்கும் கண் பலனையும் பார்த்துவிடும்.

செயற்கை உணவுச் சாயங்கள் பற்றிய ஐயத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. 2007இல் வெளியான சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வில், சில சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் சாதாரணப் பிள்ளைகளிடமும் துறுதுறுப்பைச் சற்றுக் கூட்டியது. இதையடுத்து 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் டார்ட்ராசின், சன்செட் எல்லோ உள்ளிட்ட 6 சாயங்கள் சேர்ந்த உணவுகளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றானது. விளைவு சிறியது. சாயமிட்ட மிட்டாயையும் பானத்தையும் குறைப்பதில் நட்டம் எதுவும் இல்லை. அதனால் மட்டும் ஏ.டி.எச்.டி. தீர்ந்துவிடாது. ஒமேகா-3 மாத்திரைகளின் பலனும் மருந்தோடு ஒப்பிட மிகச் சிறியது. மூளை அலைகளைத் திரையில் காட்டிப் பழக்கும் நியூரோஃபீட்பேக் முறை, போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டபோது அதைவிடச் சிறப்பாக இல்லை. செலவோ மிகுதி.

வல்லாரையும் நீர்ப்பிரமியும் நினைவாற்றலுக்கு என்று தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாகக் கொடுக்கப்படுபவை. கீரையாகத் துவையல் அரைத்துத் தருவது உணவு. லேகியமாக, சூரணமாக மாதக்கணக்கில் தருவது வேறு. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் காணப்பட்டது. ஈயம் குழந்தைகளின் கவனத்தையே கெடுக்கும் நஞ்சு.

முயற்சிக் காலம்

மருந்து தொடங்குவது வாழ்நாள் முடிவு அன்று. பொறுப்பான மருத்துவர் அதை ஒரு சோதனைபோல் நடத்துவார். "நன்றாக ஆகணும்" என்பதுபோன்ற எதிர்பார்ப்பை அளக்க இயலாது. காலையில் கிளம்ப எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் வீட்டுப்பாடம் முடிகிறது, வகுப்பில் எத்தனை சண்டை என்று இரண்டு மூன்றை மருந்துக்கு முன்பே குறித்துவைத்து, பின்னர் ஒப்பிட வேண்டும். எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவையும் தொடக்கத்திலும் பின்னர் இடைவெளி விட்டும் அளக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்திப் பார்த்து, இன்னும் தேவையா என்று முடிவு செய்வது வழக்கம்.

வீட்டில் எல்லோரும் ஒரே கருத்தில் இருப்பது அரிது. "நானும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தேன்" என்று மருந்தை மறுக்கும் தந்தை பெரும்பாலும் உண்மையையே சொல்கிறார். இரட்டையர் ஆய்வுகளின்படி ஏ.டி.எச்.டி.யில் மரபின் பங்கு 70 விழுக்காட்டுக்கும் மேல். வளர்ப்புச் சரியில்லை என்று தாயைக் குறைசொல்லும் உறவினர்களுக்கும் அதுவே பதில். பிள்ளை வளர வளர அதன் கருத்துக்கும் இடம் தர வேண்டியிருக்கிறது. 12 வயதைக் கடந்தவர்களுக்கு அவர்களின் சம்மதத்தோடுதான் மருந்து தர வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. சம்மதம் இல்லாத மாத்திரை பல வீடுகளில் கட்டிலுக்கு அடியிலும் குப்பைத் தொட்டியிலும்தான் போய்ச் சேர்கிறது.