பச்சிளங்குழந்தைக்குப் பால் பவுடர்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

பிரசவத்திற்குப் பின் முதல் சில நாட்களில் சீம்பால் சிறிதளவே சுரக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதுமானது. அழுகையை மட்டும் வைத்துப் பால் போதவில்லை என முடிவு செய்ய வேண்டாம். ஐந்தாம் நாளுக்குப் பின் உங்கள் குழந்தை நாளொன்றுக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்து, ஏறத்தாழ 2 வாரங்களுக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டினால் கவலை வேண்டாம்.

சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை பாலருந்தாமல் சோர்ந்து கிடந்தாலோ, உடல் மஞ்சள் நிறம் கூடினாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு வரவும். குழந்தையை மார்பில் பொருத்தும் முறையைச் சரிசெய்வதே பல தாய்மார்களுக்குப் போதுமானதாக இருக்கும். அதன் பின்னும் தேவைப்பட்டால், பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலும் தாய்ப்பால் வங்கியின் பாலும் முதல் தேர்வுகள்.

மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டும், 6 மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரை வாங்கவும். அதன் சத்தளவுகளை அரசு விதிகள் வரையறுப்பதால், விலை கூடியதே சிறந்தது என்பதில்லை. கொதிக்க வைத்து, 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டிலுள்ள நீரில், டப்பாவில் குறிப்பிட்ட அளவிலேயே கலக்கவும். சிக்கனத்திற்காக நீரைக் கூட்டுவது ஆபத்தானது. வலிப்பு கூட ஏற்படலாம். நன்கு ஆறவைத்துப் பாலாடையால் புகட்டவும், மீந்ததைக் கொட்டிவிடவும். தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.