வலைப்பக்கங்களில் நூற்குறிப்புத் திரட்டும் கருவிகளும் தமிழ்ப் பதிப்புகளும்

ஆய்வேட்டின் இறுதியில் அமையும் துணைநூற்பட்டியல், ஆய்வாளர் எந்தப் பதிப்பைக் கண்டு எழுதினார் என்பதற்குச் சான்றாவது. முன்னர் இதனை அட்டைகளில் கையால் எழுதித் தொகுத்தனர். இன்று சைதாப்பேட்டையில் தங்கி ஆராயும் மாணவர், அடையாற்றுக்கு அப்பால் கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தை அடையுமுன்பே, இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தி நூற்குறிப்புகளைத் திரட்டிக்கொள்கின்றார்.

இவ்வகைக் கருவிகளுள் பெரிதும் வழங்குவது ஜோட்டெரோ. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-இல் வெளிவந்த இது விலையின்றிக் கிடைப்பது. வலைப்பக்கத்தில் நம் கண்ணுக்குப் புலனாகும் எழுத்தேயன்றி, கணினி படித்தற்குரிய குறிப்புகளும் உள்ளே பொதிந்திருத்தல் உண்டு. 1995-இல் தோன்றிய டப்ளின் கோர் என்னும் நியமம் இத்தகைய குறிப்புகளுக்குப் பதினைந்து உறுப்புகளை வகுத்தது. கருவி முதலில் அத்தளத்துக்கென்றே எழுதப்பட்ட சிறுநிரல் உண்டா எனப் பார்க்கும். இல்லையேல் பொதிந்த குறிப்புகளைப் படிக்கும். அவையும் இல்லையேல் பக்கத்தின் தலைப்பு, முகவரி, பார்த்த நாள் ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொண்டு அமையும். நூலின் ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தந்தால் நூலகப் பட்டியல்களிலிருந்து விவரம் கொணரும். ஆயின் அவ்வெண் 1970-இல் உலக நியமமாயிற்று. நம் ஆய்வுக்கு வேண்டும் பழம்பதிப்புகளில் அது காணப்படாது.

இக்கருவி நூலாசிரியர், நூற்பெயர், ஆண்டு என்னும் எளிய அமைப்பை எதிர்நோக்குகின்றது. தமிழ்ப் பதிப்போ அவ்வாறன்று. 1887-இல் வெளிவந்த சீவக சிந்தாமணியை நோக்குக. பாடியவர் திருத்தக்கதேவர், உரை வகுத்தவர் நச்சினார்க்கினியர், பதிப்பித்தவர் உ. வே. சாமிநாதையர். டப்ளின் கோரில் ஆக்கியோர், துணைபுரிந்தோர் என்னும் உறுப்புகள் உள. உரையாசிரியருக்குத் தனியிடம் இல்லை. ஜோட்டெரோவிலும் நூல் என்னும் வகையில் பதிப்பாசிரியர்க்கு இடமுண்டு, உரையாசிரியர்க்கு இல்லை. எனவே வலைப்பக்கம் மூவரையும் ஒரே உறுப்பில் அடுக்கியிருப்பின், மூவரும் நூலாசிரியராகிவிடுவர்! ஒருவரை மட்டும் குறித்திருப்பின், ஏனையோர் உழைப்பு பட்டியலிலிருந்தே மறையும். பாடவேறுபாட்டை ஆராய்வார்க்கு இது சிறு குறை அன்று; எவர் கொண்ட பாடம் என்பதே அங்கு வினா.

பெயர்களின் நிலை இன்னும் விந்தையானது. காற்புள்ளியின்றி வரும் பெயரில் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்வது கருவியின் இயல்பு. மு. வரதராசன் என்பது 'வரதராசன், மு.' எனச் செவ்வையாகவே அமையும். எஸ். வையாபுரிப் பிள்ளை என்பதோ 'பிள்ளை, எஸ். வையாபுரிப்' என முறிந்து, ஒற்று அந்தரத்தில் தொங்கும். அதே 1887-இல் கலித்தொகையை வெளியிட்ட சி. வை. தாமோதரம் பிள்ளையும், 1891-இல் மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளையும் அவருடன் 'பிள்ளை' என்னும் ஒரே தலைப்பில் அணிவகுப்பர். இதற்கு மாற்று எளிது. பெயரை இரு கூறாக்காமல் ஒரே கட்டத்தில் வைக்கும் வசதி ஜோட்டெரோவில் உண்டு. தமிழ்ப் பெயர்க்கெல்லாம் அதனையே கொள்ளுதல் நன்று.

ஆண்டைப் பற்றியும் கூறல் வேண்டும். சர்வசித்து என்று மட்டும் அச்சிட்ட நூல் 1887 ஏப்ரல் முதல் 1888 ஏப்ரல் வரை எப்போதும் வெளிவந்திருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சியில் அப்பெயர் 1947-இலும் மீண்டது. இதனைக் கருவி ஆண்டென்றே உணராது. அதனினும் இடர் விளைப்பது திருவள்ளுவர் ஆண்டு. கி.பி. ஆண்டுடன் 31 கூட்டிப் பெறுவதாகலின், தி.பி. 2000 என்பது கி.பி. 1969 ஆகும். நான்கு இலக்கம் கண்ட கருவி ஐயுறாது 2000 என்றே பதிந்துகொள்ளும். பட்டியலைப் பார்ப்பவரும் ஐயுறார்.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் பல, தாம் எந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றின என்பதை முற்பகுதியிலேயே கூறுகின்றன. அது கணினிக்குரிய குறிப்பாக அன்றி வாசகர்க்குரிய உரைநடையாக அமைந்திருப்பதால் கருவியின் கைக்கு எட்டுவதில்லை. பதிவு வெறும் 'வலைப்பக்கம்' என்றே விழும். அங்ஙனம் விழுந்த பதிவின் வகையை 'நூல்' என மாற்றி, பதிப்பாசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றை அம்முற்பகுதியிலிருந்து எடுத்து நிரப்பி, உரையாசிரியர் பெயரைக் கூடுதற் குறிப்புக்குரிய கட்டத்தில் எழுதிவைக்க ஐந்து நிமிடம் போதும்.