எஞ்சினுக்குள் புகுந்த பெரியாறு

வெள்ளத்தில் மூழ்கிய பைக்கை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரங்களுக்குப் போகும். திறப்பதற்கு முன் சோதனை, வாங்குவதற்கு முன் அளவு: ஆலுவா தரும் பாடம் இதுதான்.

பன்னிரண்டு மில்லி. இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் கொள்ளும் அளவைவிடச் சற்றே அதிகம். ஹீரோ ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். அந்த இடத்துக்கும் கூடுதலாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் எஞ்சின் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. சுற்ற வைக்க முயன்றால் எங்காவது ஒன்று வளையும், அல்லது உடையும்.

2018 ஆகஸ்டில் பெரியாற்றங்கரை நகரமான ஆலுவாவுக்குள் வந்தது மில்லிக் கணக்குத் தண்ணீர் அல்ல. ஆகஸ்ட் 9-ஆம் தேதி இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகு 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. 15 முதல் 17-ஆம் தேதி வரையிலான மூன்று நாட்களில் கேரளம் முழுவதற்குமான சராசரி மழை 414 மில்லிமீட்டர் என்று மத்திய நீர் ஆணையம் கணக்கிட்டது. கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924-இல் வந்த 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' பற்றி மலையாளிகள் பாட்டிமார் சொல்லித்தான் கேட்டிருந்தார்கள். இப்போது கண்ணாலேயே பார்த்தார்கள். சிவராத்திரிக்கு லட்சக்கணக்கானோர் கூடும் ஆலுவா மணப்புறம் நீருக்கடியில் போனது. பக்கத்திலிருக்கும் நெடும்பாசேரி விமான நிலையம் 15-ஆம் தேதி மூடப்பட்டு 29-ஆம் தேதிதான் திறந்தது. மாநிலம் முழுவதும் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சுமார் 14 லட்சம் பேர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

முகாம்களிலிருந்து திரும்பியவர்களை வரவேற்றது சேறு. கட்டில், பீரோ, ரேஷன் கார்டு, வாசலில் சாய்ந்து கிடந்த பைக் எல்லாவற்றின் மீதும் ஒரே பழுப்பு நிறம். மீன் விற்பவருக்கும் பெயிண்டருக்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கும் பைக் என்பது வெறும் வாகனமல்ல; மறுநாள் கூலி. அதனால்தான் பலருக்கும் கை தானாகவே சாவிக்குப் போகிறது. செய்யக்கூடாத முதல் காரியமும் அதுதான்.

மிதித்தால் வளையும்

காரணம் எளியது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அமுக்கலாம். அதை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கித்தான் எஞ்சின் ஓடுகிறது. தண்ணீரை அப்படி அமுக்க முடியாது. மேலே ஏறும் பிஸ்டன் பாதி வழியில் பாறையில் மோதியதுபோல் நின்றுவிடும். காலால் மிதித்தால் கிக்கர் அசையாது என்பதோடு போகலாம். செல்ஃப் ஸ்டார்ட்டர் மோட்டார் பல்சக்கரங்களின் உதவியோடு தள்ளுவதால் ஆபத்து அதிகம். வெள்ளத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால் நிலைமை இன்னும் மோசம். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைகிறது.

வளைந்தது தெரியாமலேயே சில வண்டிகள் ஓடவும் செய்யும். பிஸ்டன் நேராக ஏறி இறங்காமல் சிலிண்டரின் ஒரு பக்கச் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். சில மாதம் கழித்து 'டக் டக்' சத்தத்தோடும் நீலப் புகையோடும் பட்டறைக்கு வரும்போது, வெள்ளத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

நின்று கொண்டிருந்த வண்டி மூழ்கினால் தண்ணீர் புகும் வழிகள் இரண்டு. ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் வழியாக இன்லெட் வால்வுக்கு. சைலன்சர் வழியாக எக்ஸாஸ்ட் வால்வுக்கு. வண்டியை நிறுத்திய கணத்தில் எந்த வால்வு திறந்திருந்தது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இரண்டும் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் சொட்டுத் தண்ணீர்கூட இறங்காமல் தப்பலாம். ஒன்று திறந்திருந்தால் ஆற்று நீரோடு வண்டலும் உள்ளே குடியேறும்.

எனவே முதல் சிகிச்சை, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுவது. பிறகு வண்டியை டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றினால் உள்ளே இருக்கும் நீர் பிளக் துளை வழியே வெளியேறும். ஆயிலை வடிக்க வேண்டும். அது பால் ஊற்றிய காபிபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கீழே கிராங்க் கேஸ் வரை போய்விட்டது என்று பொருள். புது ஆயில் ஊற்றி, சிறிது நேரம் ஓட்டி, மறுபடி வடிப்பதை இரண்டு மூன்று முறையாவது செய்ய வேண்டியிருக்கும். பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர் கிண்ணம், சைலன்சர் மூன்றையும் காலி செய்யாமல் ஸ்டார்ட் செய்வதில் அர்த்தமில்லை. நனைந்த காகித ஏர் ஃபில்டரைக் காயவைத்துப் பயன்படுத்துவது போலிச் சிக்கனம்.

இவ்வளவும் வெள்ளம் வடிந்த ஓரிரு நாளில் நடந்தால் பெரும்பாலும் எஞ்சினின் மேல்பாகத்தைத் திறக்கவே வேண்டாம். வரிசையில் பத்துப் பதினைந்து நாள் காத்திருந்தால் இன்னொரு எதிரி வந்துவிடும்: துரு. சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. பிஸ்டன் ரிங் தொட்டு நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்கி, மோதிரம்போல ஒரு துரு வளையம் படியும். ரிங்குகள் பிஸ்டன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். வால்வு உட்காரும் சீட்டுகளில் பொட்டுப் பொட்டாக அரிப்பு விழும்.

ஒரு ஸ்பூன் ஆயில் சோதனை

ஓட ஆரம்பித்த பிறகும் இழுவை இல்லை, புகை தள்ளுகிறது என்றால் அப்போதுதான் உண்மையான நோய் கண்டறிதல் தொடங்குகிறது. அனுபவமுள்ள மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. முதலில் புகையின் நிறத்தைப் பார்க்கிறார். முறுக்கும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால் ரிங் அல்லது சிலிண்டர் மீது சந்தேகம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். குளிர்ந்த எஞ்சினில் சற்று நேரம் வெள்ளைப் புகை வருவது சைலன்சரில் மிச்சமிருக்கும் ஈரம். அதற்கு எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை.

அடுத்தது கம்ப்ரஷன் கேஜ். பிளக் துளையில் மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து கிக் அடித்தால் அழுத்தம் தெரியும். குறைவாக இருந்தால் அதே துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கிறார்கள். அழுத்தம் ஏறினால் ஆயில் அடைத்த இடம் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவில் என்று பொருள். ஏறாவிட்டால் ஒழுகுவது பெரும்பாலும் வால்வு. இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திக் காதை வைத்துக் கேட்பது இன்னொரு வழி. கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்லெட். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட். கிராங்க் கேஸ் பக்கம் சத்தம் வந்தால் ரிங்.

இந்தச் சோதனைகளுக்கு அரை மணி நேரம் போதும். இவற்றைத் தாண்டிக் குதித்து, 'போர் போயிடுச்சு, கிட் மாத்தணும்' என்று சொல்லப்படும் இடத்தில்தான் வாடிக்கையாளரின் பணம் வீணாகிறது. வால்வைத் தேய்த்துச் சரிசெய்தால் போதும் என்ற வண்டிக்குப் புது பிஸ்டனும் சிலிண்டரும் விழுகின்றன. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: தேய்ந்த சிலிண்டருக்குள் புது ரிங்கை மட்டும் போட்டு அனுப்புவது. அந்த வண்டி விரைவிலேயே அதே புகையோடு திரும்பி வரும்.

கண் பொய் சொல்லும்

மேல்பாகத்தைப் பிரித்த பிறகு தீர்ப்புச் சொல்ல வேண்டியது கண்ணல்ல, அளவுக் கருவி. ஸ்ப்ளெண்டர் சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ. இதில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு தேய்மானம் என்பதே பெரிய நோய். போர் கேஜை மேலே, நடுவில், கீழே என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் வைத்து அளக்க வேண்டும். மேலும் கீழும் வேறுபட்டால் சிலிண்டர் கூம்பிவிட்டது. திசைக்குத் திசை வேறுபட்டால் முட்டை வடிவம் ஆகிவிட்டது.

போர் கேஜ் இல்லாத சிறு பட்டறைக்கும் வழியுண்டு. ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு இடையேயுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்கலாம். இந்த அளவு எஞ்சினில் மேல் ரிங்குக்குப் பொதுவாக 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கும். அரை மில்லிமீட்டரை எட்டினால் ரிங்கோ சிலிண்டரோ ஆயுளை முடித்துவிட்டது.

லேசான துருவென்றால் ஹோனிங் கல் ஓட்டினால் போகும். நகத்தால் நெருடினால் தட்டுப்படும் அளவு குழி விழுந்திருந்தால் லேத் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே சிலிண்டரைக் கடைந்து 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். இதில் ஒழுங்கு முக்கியம்: முதலில் பிஸ்டனை வாங்கி, அதை அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் கடைய வேண்டும். கடைந்த பின் குறுக்கும் நெடுக்குமாக ஹோனிங் கோடுகள் போட வேண்டும்; அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். நிக்கல்-சிலிக்கான் பூச்சுள்ள சிலிண்டர்களுக்கு இந்த வைத்தியம் இல்லை. அவற்றை மாற்றத்தான் வேண்டும்.

ஹெட்டில் வால்வைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைத்ததும், போர்ட்டுக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிச் சில நிமிடம் காத்திருக்கிறார்கள். வால்வைச் சுற்றிக் கசியாவிட்டால் பாஸ். பழைய வால்வு சீல்களையும் கேஸ்கெட்டுகளையும் திரும்பப் போடுவதில்லை.

பூட்டும்போது நடக்கும் பிழைகள்தான் மறுபடி பிரிக்க வைப்பவை. பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சின்ன சர்க்ளிப் தவறி கிராங்க் கேஸுக்குள் விழுந்தால் எஞ்சின் முழுவதையும் பிரிக்க நேரும். அதனால் வாயில் துணி அடைத்த பிறகே அதைத் தொட வேண்டும். பிஸ்டன் மீதுள்ள 'இன்' குறி இன்லெட் பக்கம் இருக்க வேண்டும். ரிங்குகளின் வெட்டுகள் ஒரே கோட்டில் அமையாமல் சுற்றிலும் பிரிந்திருக்க வேண்டும். டைமிங் செயின் குறிகள் ஒரு பல் பிசகினாலும் வண்டிக்கு இழுவை இருக்காது. ஹெட் நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில், டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளையில் வண்டல் அடைத்திருந்தால் புதிதாகச் செய்த வேலை அத்தனையும் வறண்டு எரிந்துபோகும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது.

காப்பீட்டின் கேள்வி

பணம் யார் தருவது? மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் உள்ளவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்கும். ஆனால் வழக்கமான பாலிசி, பின்விளைவாக நேரும் சேதத்தையும் இயந்திரக் கோளாறையும் விலக்கி வைக்கிறது. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் ராடு வளைந்தது என்று சர்வேயர் எழுதிவிட்டால், தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுக்காதவரின் கோரிக்கை தள்ளுபடி ஆகலாம். சாவியைத் திருப்புமுன் புகைப்படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தருவது அதனால்தான் அவசியம்.

ஆலுவா மணப்புறம் 2019 ஆகஸ்டிலும் மூழ்கியது. 2015 டிசம்பரில் தத்தளித்த சென்னை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி தத்தளித்தது. அதே மாதம் தூத்துக்குடி மாவட்டத்திலும் வெள்ளம். 2020-இல் பி.எஸ்.6 விதிகள் வந்தபின் கார்புரேட்டர் போய், எரிபொருளைச் செலுத்தும் கருவியும் அதை ஆளும் மின்னணுப் பெட்டியும் பைக்கில் ஏறிவிட்டன. நனைந்தால் செலவு முன்னைவிடக் கூடுதல். ஆனாலும் தண்ணீர் அமுங்காது என்ற உண்மை மாறவில்லை. முதல் உதவிக்குத் தேவையான கருவி ஒரு பிளக் ஸ்பேனர். பெரும்பாலான பைக்குகளில் அது சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டு மூடிக்குள்ளோ, வாங்கிய நாளிலிருந்து பிரிக்கப்படாத டூல் பையிலேயே கிடக்கிறது.