சேர்ந்த பிறகு வரும் நூறு நாள்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்களில் யார் எந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள் என்ற விவரத்தை ஒவ்வோர் ஆண்டும் திரட்டிப் பதிவு செய்கிறோம். ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கிய பின் இந்த வேலை இன்னும் முறையாக நடக்கிறது. உயர்கல்வி வழிகாட்டல் வகுப்பு, விண்ணப்பம் நிரப்ப உதவி, எங்கும் சேராமல் நின்றவர்களைத் தேடிப் பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ முகாம் என்று கல்லூரி வாசல் வரை மாணவரை அழைத்துக்கொண்டு போய் விடுகிறோம். ‘சேர்ந்துவிட்டார்’ என்று குறித்ததும் நம் பட்டியலில் அந்தப் பெயருக்கு வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் குறிப்புக்குப் பிறகு வரும் முதல் நூறு நாள்களைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

திண்டுக்கல் மாவட்டத்தில் நூற்பாலைகள் நிறைந்த பகுதியில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் கற்பிக்கிறேன். விடிந்ததும் மில் வேன் தெருமுனையில் வந்து நிற்கும் ஊர்கள் இவை. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டால், எட்டாம் நாள் அந்த வேனில் ஏறிவிடுவது இங்கே சாதாரணம். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வேன் வருகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏறுகிறது, இதுவும் ஏறுகிறது. முதல் சம்பளம் வீட்டுக்கு வந்தபின் கல்லூரிப் பேச்சை எடுக்க யாருக்கும் மனம் வராது. மற்ற பகுதிகளில் வேனுக்குப் பதில் பனியன் கம்பெனியோ, செங்கல் சூளையோ, கல்யாணமோ இருக்கும்.

நின்றுவிட்ட பிள்ளைகளிடம் காரணம் கேட்டால் முதலில் வரும் பதில், “பிடிக்கல மிஸ்” என்பதுதான். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் அனுபவம். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் பின்னால் வேறொன்று இருக்கும். பேராசிரியர் சொன்ன ஒரு சொல் புரிந்திருக்காது, ஒரு தேதி தவறியிருக்கும், ஒரு மதிப்பெண்ணைத் தப்பாக அர்த்தம் செய்துகொண்டிருக்கும். பட்டம் படித்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் இரவுச் சாப்பாட்டின்போதே தீர்ந்துபோகும் விஷயங்கள் இவை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவர்களில் கல்லூரிக்குள் போய் வந்தவர் பல நேரம் நாம் மட்டும்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் செப்டம்பரில் ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். மகள் பி.காம். முதலாம் ஆண்டு. “டீச்சர், இவ நாலு நாளா காலேஜுக்குப் போகல. கேட்டா பெயிலாயிட்டேங்குறா. சேர்ந்து ரெண்டு மாசந்தான் ஆகுது, அதுக்குள்ள எப்படி டீச்சர் பெயிலாகும்?” என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாதான் சரியான கேள்வியைக் கேட்டார். மகளை அழைத்து வரச் சொல்லிப் பேசினேன். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் 25-க்கு 7 எடுத்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 480 எடுத்தவள். “அரியர் விழுந்துரும்னு சீனியர் அக்கா சொன்னாங்க மிஸ். அரியர் வந்தா மறுபடியும் முதல் வருஷமே படிக்கணுமாம்ல?”

ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் ஒரு தாளுக்கு உள்மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. அந்த 25 ஒரே தேர்வில் முடிவாவதில்லை. இரண்டு மூன்று தேர்வுகள், ஒப்படைவு, கருத்தரங்கு, சில இடங்களில் வருகை என எல்லாம் சேர்ந்து வருவது அது. மொத்தத்தில் 40 எடுத்தால் தேர்ச்சி. பருவத் தேர்வில் தனியாக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. அப்படியே அரியர் விழுந்தாலும் அடுத்த பருவத்துக்குப் போகத் தடையில்லை, அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுதினால் போதும். இவ்வளவையும் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். மறுநாள் கல்லூரிக்குப் போனாள். முதல் பருவத்தில் ஒரு தாள் உண்மையாகவே அரியர் ஆனது. அடுத்த முறை எழுதி முடித்தாள். இப்போது மூன்றாம் ஆண்டு.

பள்ளியில் காலாண்டுத் தேர்வில் குறைந்தால் நாம் கூப்பிட்டுப் பேசுவோம், மறுதேர்வு வைப்போம், பெற்றோரை வரச் சொல்வோம். கல்லூரியில் மதிப்பெண் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், அவ்வளவுதான். அந்த மௌனத்தை ‘நீ இங்கே இருக்கத் தகுதியில்லை’ என்ற தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் இப்போது பிரிவு உபசார விழாவுக்கு முந்தைய வாரம் ஒரு பாடவேளையை எடுத்துக்கொண்டு பருவம், உள்மதிப்பீடு, அரியர், வருகைப்பதிவு ஆகிய நான்கு சொற்களை மட்டும் கரும்பலகையில் எழுதி விளக்குகிறேன். வருகைக்கு ஒரு கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள் என்றால், 75 விழுக்காடு வர 68 நாள் போக வேண்டும். ஆக 22 நாளுக்கு மேல் விடுப்பு எடுக்க முடியாது. ஊர்த் திருவிழா, அக்கா வளைகாப்பு, காய்ச்சல் எல்லாம் இந்த 22-க்குள்தான். பையன்கள் இந்த இடத்தில்தான் தலை நிமிர்ந்து கேட்கிறார்கள்.

அடுத்தது மொழி. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் வராததுதான் சிக்கல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். என் பாடத்தில் நான் பார்ப்பது வேறு. பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், கணக்கும் போடும். கல்லூரியில் லெட்ஜர், ட்ரையல் பேலன்ஸ், டெப்ரிசியேஷன், பேலன்ஸ் ஷீட் என்று கேட்டதும் ஏதோ புதிய பாடம் என்று மிரண்டுவிடுகிறது. படித்த பாடமே வேறு பெயரில் வந்திருக்கிறது என்று தெரிய ஒரு மாதம் ஆகிறது, அதற்குள் முதல் தேர்வு முடிந்துவிடுகிறது. முடுக்கம் ஆக்ஸிலரேஷனாகவும் வகையிடல் டிஃபரன்சியேஷனாகவும் வந்து நிற்பதும் இப்படித்தான்.

இதற்குப் பேச்சு ஆங்கில வகுப்பு பெரிதாக உதவுவதில்லை என்பது என் கருத்து. ஒரு பாடத்துக்கு நூறு சொல் போதும். பல பாடநூல்களின் பின்பக்கத்திலேயே கலைச்சொற்கள் அச்சாகியிருக்கின்றன. பொதுத்தேர்வு முடிந்து முடிவுகள் வருவதற்குள் அந்தப் பட்டியலை ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆங்கிலச் சொல்லை எப்படி உச்சரிப்பார்கள் என்பதையும் பக்கத்தில் தமிழிலேயே எழுதச் சொல்வேன். வகுப்பில் காதில் விழப்போவது அந்த ஒலிதான். அதோடு, கலை அறிவியல் பாடங்களைத் தமிழில் எழுதப் பல பல்கலைக்கழகங்களில் அனுமதி உண்டு. நம் பிள்ளைகள் அதைக் கேட்கத் தயங்குவார்கள். முதல் வாரத்திலேயே துறைத்தலைவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லி அனுப்ப வேண்டும்.

குறிப்பெடுக்கும் பழக்கம் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய ஒன்று. நாம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ‘எழுதிட்டீங்களா’ என்று கேட்டபின் அழிக்கிறோம். அங்கே ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். வாரத்தில் ஒரு பாடவேளை எதையும் எழுதிப்போடாமல் பேசிவிட்டு, கேட்டதில் ஐந்து வரி எழுதச் சொன்னால் பழகிவிடும்.

7.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் பொறியியல், மருத்துவம் போகும் பிள்ளைகள் நம் பெருமை. கட்டணத்தை அரசே ஏற்பதால் பணக் கவலை இல்லை. ஆனால் அவர்களுக்கு வரும் சிக்கல் கொஞ்சம் வேறு மாதிரியானது. உடன் படிப்பவர்களில் ஒருவர் ‘கோட்டாவில் வந்தவன்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், வகுப்பில் சந்தேகம் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். அதே ஒதுக்கீட்டில் போன முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரின் எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவதுதான் நமக்குத் தெரிந்த நல்ல மருந்து. நாம் ஆயிரம் சொல்வதைவிட அந்த அண்ணன் “எனக்கும் சொன்னாங்கடா” என்று சொன்னால் எடுபடும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் விண்ணப்பித்துச் சரிபார்த்துக் கணக்கில் பணம் ஏறச் சில மாதம் ஆகலாம். அந்தச் சில மாதம்தான் ஆபத்து. பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை. புறநகர்ப் பேருந்தில் உண்டு. கல்லூரி இரண்டு சுழற்சியாக நடந்தால் பிற்பகல் சுழற்சிக்காரர்கள் வீடு திரும்ப இருட்டிவிடும், கடைசிப் பேருந்தும் போயிருக்கும். சேர்க்கையின்போதே எந்தச் சுழற்சி, எந்தப் பேருந்து என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும். அரசு விடுதிக்கு விண்ணப்பிப்பதானால் அதையும் உடனே செய்ய வேண்டும், இடம் நிரம்பிவிடும். வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று மே மாதமே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு கையே வைக்காத கணக்கு செயலிழந்திருக்கும்.

ராகிங்கைப் பொறுத்தவரை ஒரே ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணை எல்லாரும் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது நாம் செய்யக்கூடிய வேலைக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். மாணவர் பெயர், கல்லூரி, பாடம், சுழற்சி, அம்மாவின் எண், அதே கல்லூரியில் நம் பள்ளி முன்னாள் மாணவர் யார் என்பது அதில் இருக்கும். ஆசிரியர்கள் நாலைந்து பேர் பெயர்களைப் பிரித்துக்கொள்கிறோம். ஆளுக்குப் பத்துப் பதினைந்து பெயர் வரும். வகுப்பு தொடங்கிய பத்தாம் நாள் ஒரு முறையும், முதல் உள்மதிப்பீடு முடிந்த வாரத்தில் ஒரு முறையும், பருவத் தேர்வு முடிவு வந்தபின் ஒரு முறையும் கூப்பிடுகிறோம். மூன்றில் இரண்டாவது அழைப்பைத் தவறவே விடக் கூடாது. “எப்படிப் படிக்கிற?” என்று கேட்டால் “நல்லா படிக்கிறேன் மிஸ்” என்றுதான் பதில் வரும். “நேத்து மதியம் எங்க சாப்பிட்ட? யார்கூட?” என்று கேட்டுப் பாருங்கள். தனியாகச் சாப்பிடும் பிள்ளையை இன்னும் ஒரு முறை கூப்பிட வேண்டும். எடுக்காவிட்டால் அம்மாவுக்கு.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் இரண்டு வேலை உண்டு. கிராமத்தில் தாய்மார்கள் அதிகம் நம்புவது மேல்நிலைப் பள்ளி ஆசிரியரை அல்ல, ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்த டீச்சரைத்தான். நின்றுபோன ஒரு மாணவனின் வீட்டில் நாங்கள் பேசி எடுபடாமல், அவனுடைய தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் போய்ப் பேசியபின் மறுபடியும் அனுப்பினார்கள். மற்றொன்று பெயர். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்து வேறு என்றிருந்தால், கல்லூரி முதல் ஆண்டில் உதவித்தொகை வராமல் நிற்பது இதனால்தான். திருத்த அலையும் நாள்களெல்லாம் அந்த 22 நாளில் கழியும். உங்கள் வகுப்புப் பதிவேட்டையும் பிள்ளைகளின் ஆதார் நகலையும் இந்த வாரமே ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் எழுதுவதற்கு முன்பே திருத்திவிட்டால் ஒரு கையெழுத்தோடு வேலை முடிந்துவிடும்.