ஒரே இரவில் இரண்டான நகரம்!
ஆகஸ்டு 13: பெர்லின் சுவர் எழுந்த நாள்

1961-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. பெர்லின் நகர மக்கள் காலையில் எழுந்து வெளியே வந்தபோது திடுக்கிட்டுப் போனார்கள். நேற்று வரை நடந்து போன தெருக்களின் நடுவே முள்கம்பி வேலி நின்றது. வேலிக்குப் பின்னால் துப்பாக்கி ஏந்திய காவலர்கள்!

அண்ணன் வீடு இந்தப் பக்கம், தம்பி வீடு அந்தப் பக்கம். வேலை பார்க்கும் இடம் மேற்கே, குடியிருப்பு கிழக்கே. ஒரே இரவில் எல்லாம் அறுந்துவிட்டது. அந்த நாளை பெர்லின் நகரம் ஆண்டுதோறும் துக்க நாளாக நினைவுகூருகிறது.

ஏன் எழுந்தது?

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை அமெரிக்கா, ரஷியா, இங்கிலாந்து, பிரான்சு ஆகிய நான்கு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. தலைநகரான பெர்லினும் நான்கு பங்கானது. 1949-ல் மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி என்று இரண்டு நாடுகள் பிறந்தன. மேற்கு பெர்லின், கிழக்கு ஜெர்மனியின் நடுவே ஒரு தீவு போல ஆயிற்று.

இரண்டு நாடுகளுக்கும் இடையே உள்ள எல்லையை கிழக்கு ஜெர்மனி 1952-லேயே மூடிவிட்டது. ஆனால் பெர்லின் மட்டும் திறந்து கிடந்தது. நகர ரெயிலில் டிக்கெட் எடுத்து ஏறினால் போதும், மேற்கே போய் இறங்கிவிடலாம். 1949 முதல் 1961 வரை சுமார் 27 லட்சம் பேர் கிழக்கு ஜெர்மனியை விட்டுப் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் இளைஞர்கள். டாக்டர்களும் என்ஜினீயர்களும் கூடக் கிளம்பினார்கள். 1961 ஜூலை மாதம் மட்டும் சுமார் 30 ஆயிரம் பேர் வெளியேறினர்.

"சுவர் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை" என்று கிழக்கு ஜெர்மனித் தலைவர் வால்டர் உல்பிரிக்ட் அந்த ஆண்டு ஜூன் 15-ந் தேதி நிருபர்களிடம் சொன்னார். இரண்டு மாதத்துக்குள் வேலி வந்தது. சில நாட்களில் வேலி இருந்த இடத்தில் சுவர் எழும்பத் தொடங்கியது. மேற்பார்வை செய்தவர், பின்னாளில் நாட்டின் தலைவரான எரிக் ஹோனேக்கர்.

ஜன்னலே எல்லை

பெர்னவர் தெருவில் நடந்தது தனிக் கொடுமை. அங்கே ஒரு வரிசை வீடுகள் கிழக்கு பெர்லினைச் சேர்ந்தவை. அவற்றின் வாசலில் உள்ள நடைபாதையோ மேற்கு பெர்லினைச் சேர்ந்தது! வாசல் கதவைத் திறந்து கால் வைத்தால் வேறு நாடு.

காவலர்கள் வாசல்களை அடைத்தார்கள். மக்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்புப் படையினர் வலை விரித்துக் காத்து நின்றனர். ஆகஸ்டு 22-ந் தேதி காலையில் இடா சீக்மான் என்ற நர்சு, மூன்றாவது மாடியில் இருந்து படுக்கையைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தார். வலை விரிக்க நேரம் இல்லை. படுகாயம் அடைந்து இறந்தார். மறுநாள் அவருக்கு 59-வது பிறந்தநாள். சுவர் வாங்கிய முதல் உயிர் அவருடையது.

பிறகு அந்த ஜன்னல்களும் செங்கல் வைத்து அடைக்கப்பட்டன.

சுவர் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. மேற்கு பெர்லினைச் சுற்றி அதன் மொத்த நீளம் 155 கிலோமீட்டர். நகரின் நடுவே மட்டும் 43 கிலோமீட்டர். கடைசியாகக் கட்டிய கான்கிரீட் சுவரின் உயரம் 3.6 மீட்டர். அதற்குப் பின்னால் மணல் பரப்பு, விளக்கு வரிசை, காவல் கோபுரங்கள், இன்னொரு சுவர். இடைப்பட்ட அந்த நிலத்துக்கு மக்கள் வைத்த பெயர் "மரணப் பட்டை".

பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை

1962 ஆகஸ்டு 17-ந் தேதி, பீட்டர் ஃபெக்டர் என்ற 18 வயது கொத்தனார் இளைஞர் சுவர் ஏறும்போது சுடப்பட்டார். கிழக்குப் பக்கம் விழுந்து, உதவி கேட்டுக் கதறினார். இரு பக்கமும் ஆட்கள் இருந்தும் யாரும் நெருங்கவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ரத்தம் கொட்டி அவர் இறந்தார்.

குழந்தைகளையும் அந்த எல்லை விடவில்லை. குரோய்ஸ்பெர்க் பகுதியில் ஸ்பிரீ ஆறு கரை முதல் கரை வரை கிழக்கு பெர்லினுக்குச் சொந்தம். மேற்குக் கரையில் விளையாடிய பிள்ளைகள் தவறி விழுந்தால், மேற்கில் உள்ளவர்கள் நீரில் இறங்கினால் சுடப்படலாம் என்ற நிலை. 1966 முதல் 1975 வரை ஐந்து குழந்தைகள் அங்கே மூழ்கி இறந்தனர். கடைசியாக இறந்தவன் ஒரு துருக்கிக் குடும்பத்துச் சிறுவன். அன்று அவனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். அதன் பிறகுதான், ஆற்றில் விழுந்தவர்களைக் காப்பாற்ற இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

மேற்கு பெர்லின்வாசிகள் கிழக்கே உள்ள உறவினரைப் பார்க்க முதல் அனுமதி கிடைத்தது 1963 கிறிஸ்துமசுக்குத்தான். சுமார் 7 லட்சம் பேர் குளிரில் கியூவில் நின்று போய் வந்தனர். இரு பகுதிக்கும் இடையே 1952-ல் துண்டித்த டெலிபோன் இணைப்பு 1971-ல்தான் திரும்பக் கிடைத்தது.

தமிழர் நுழைந்த வாசல்

இந்தச் சுவரின் கதையில் தமிழர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. 1980-களில் இலங்கையில் உயிருக்கு அஞ்சி ஓடிய தமிழர்கள் பலர், கிழக்கு பெர்லினை ஒட்டி இருந்த ஷோனஃபெல்டு விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி கொடுத்த வழிப்பயண விசாவுடன் பிரீட்ரிக் தெரு நிலையத்துக்கு வந்து, ரெயில் ஏறி மேற்கு பெர்லினை அடைந்தார்கள். நகரின் நடுவே போகும் கோட்டை மேற்கு நாடுகள் நாட்டு எல்லையாக ஏற்கவில்லை. அதனால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட்டு சோதனையும் வைக்கவில்லை.

சொந்த மக்களை வெளியே விடாத சுவர், அகதிகளுக்கு வழி விட்டது! மேற்கு ஜெர்மனி வற்புறுத்தியதால் 1985-ல் அந்த வழி தமிழர்களுக்கு அடைக்கப்பட்டது. இருந்தாலும் முன்பே வந்தவர்கள் வேர் விட்டுவிட்டனர். இன்று பெர்லினில் முருகன் கோயில் இருக்கிறது.

சுவர் விழுந்தது

1989 நவம்பர் 9-ந் தேதி மாலை, கிழக்கு பெர்லின் கட்சித் தலைவர் குந்தர் ஷபோவ்ஸ்கி நிருபர்கள் கூட்டத்தில் புதிய பயண விதியை வாசித்தார். எப்போது முதல் என்று கேட்டபோது, "உடனடியாக" என்று சொல்லிவிட்டார். மறுநாள் வெளியிட வேண்டிய அறிவிப்பு அது! மக்கள் ஆயிரக்கணக்கில் எல்லைச் சாவடிகளில் குவிந்தனர். போர்ன்ஹோல்மர் தெரு சாவடியில் இருந்த அதிகாரிக்கு மேலிடத்தில் இருந்து தெளிவான உத்தரவு வரவில்லை. இரவு பதினொன்றரை மணி அளவில் அவர் கதவைத் திறந்தார். துப்பாக்கி வெடிக்கவில்லை. 1990 அக்டோபர் 3-ந் தேதி இரு ஜெர்மனியும் ஒன்றாயின.

எதற்காக நினைவு?

சுவர் விழுந்ததும் மக்கள் சுத்தியல் கொண்டு உடைத்தார்கள். ஒரு கல்லும் மிஞ்சக் கூடாது என்றார்கள் பலர். கொஞ்சமாவது நிற்கட்டும், நாளைக்கு யாரும் நம்பமாட்டார்கள் என்றார்கள் சிலர். அந்தச் சிலரின் முயற்சியால்தான் பெர்னவர் தெருவில் ஒரு துண்டுச் சுவர் நிற்கிறது. 1998-ல் அது நினைவிடம் ஆயிற்று.

அந்தத் தெருவின் பழைய தேவாலயம் மரணப் பட்டைக்குள் சிக்கி இருந்தது. 1985-ல் கிழக்கு ஜெர்மனி அதை வெடி வைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் 2000-ம் ஆண்டு மண்சுவரால் ஒரு சிறு தேவாலயம் கட்டினார்கள். பழைய கட்டிடத்தின் இடிபாடுகள் அந்த மண்ணோடு கலந்திருக்கின்றன. ஆகஸ்டு 13-ந் தேதி அங்கே பிரார்த்தனை நடக்கும். மலர் வளையம் வைப்பார்கள். 2011-ல் 50-வது ஆண்டு நினைவின்போது நண்பகலில் நகரமே ஒரு நிமிடம் மவுனமாக நின்றது.

சுவரில் இறந்தவர்கள் குறைந்தது 140 பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவர்களில் 101 பேர் தப்பிக்க முயன்றவர்கள். காவல் பணியில் இறந்த 8 எல்லைக் காவலர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். அந்த மண் தேவாலயத்தில் நண்பகல் வேளையில் இறந்தவர்களில் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை வாசிப்பது வழக்கம். எங்கே பிறந்தார், என்ன வேலை செய்தார், யாரைப் பார்க்கப் புறப்பட்டார் என்று வாசிக்கிறார்கள்.

28 ஆண்டு நின்ற அந்தச் சுவர், அதைவிட அதிக ஆண்டுகள் இல்லாமல் இருந்துவிட்டது. பெர்லினில் பிறக்கும் குழந்தைக்கு அது வெறும் பாடம். ஆனால் பீட்டர் ஃபெக்டர் உயிரோடு இருந்திருந்தால், 80 வயது தாண்டிய தாத்தாவாகப் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்து அதே தெருவைக் கடந்திருப்பார்.