பாக் விரிகுடா: ஆழம் குறைந்த கடலின் வளமும் நலிவும்

கோடியக்கரைக்கும் இராமேசுவரம் தீவுக்கும் இடைப்பட்ட தமிழகக் கரையிலிருந்து இலங்கையின் வடபகுதி வரை பரந்துள்ள பாக் விரிகுடாவில், பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது தரையாக இருந்து, பனி உருகியபின் நீரில் மூழ்கிய இச்சமவெளியின் ஆழமின்மையே விரிகுடாவின் வளத்துக்கும் நலிவுக்கும் அடிப்படையாகும்.

சூரிய ஒளி அடித்தரை வரை இறங்குவதால் இங்கே கடற்புல் செழிக்கிறது. கடற்பாசியைப் போலன்றி வேரும் இலையும் கொண்டு, நீருக்கடியிலேயே பூத்துக் காய்க்கும் இத்தாவரம், மண்ணுக்குள் படரும் கிடைத்தண்டுகளால் வண்டலைப் பிடித்து நிறுத்துவதோடு, இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் குஞ்சுகளுக்கு மறைவிடமாகவும் அமைகிறது. இப்புல்லையே நாள்தோறும் 30 கிலோவுக்கு மேல் மேயும் கடற்பசு, மீனவர் வழக்கில் ஆவுளியா, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்றை ஈனும் பாலூட்டியாகும். மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டிய அது, வலையில் சிக்கினால் மூச்சுமுட்டி இறக்கிறது.

1960களில் இறால் ஏற்றுமதியை முன்னிட்டு அரசு மானியத்துடன் விசைப்படகுகள் பெருகியபோது, தட்டையான இவ்வடித்தரை இழுவைமடிக்கு வசதியான களமாயிற்று. வாய் விரிந்திருக்க இருபுறமும் பலகைகளும், தரையோடு உரச எடையும் கட்டப்பட்ட இப்பைவலை, புல்லை வேரோடு பறிக்கிறது. கிளம்பும் சேறு ஒளியை மறைப்பதால் எஞ்சிய புல்லும் நலிகிறது. விலைபோகாத மீன்குஞ்சுகள் கழிவுமீனாகக் கோழித்தீவனத்துக்குச் செல்கின்றன.

1974இல் இவ்விரிகுடாவில் கடல் எல்லை வகுக்கப்பட்ட போதிலும், 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரால் இலங்கையின் வடக்கு மீனவர்களின் தொழில் முடங்கியிருந்ததால், தமிழக விசைப்படகுகள் அக்கரை வரை சென்று மீன்பிடித்தன. போருக்குப்பின் அவர்கள் கடலுக்குத் திரும்பியதும் மோதல் கூர்மையடைந்தது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது.

தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையையொட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகளைத் தடுக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் நடைமுறையில் உள்ளது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. எனினும், படகுக்கு வாங்கிய கடன் தீரவும் மாற்றுத் தொழிலுக்கு மாறவும் வழி பிறந்தாலன்றி விசைப்படகுக் குடும்பங்கள் இழுவைமடியைக் கைவிட இயலாது என்பதால், கடற்புல்லின் பாதுகாப்பு வனத்துறையின் பொறுப்போடு முடியாமல், மீன்வளத்துறையின் பொருளாதாரத் திட்டத்தையும் இருநாட்டு உடன்பாட்டையும் சார்ந்தே நிற்கிறது.