ஒரு மணி நேரத்தில் 6 இடத்தில் செயின் பறிப்பு! ரோந்துக்கு ஆள் வேண்டாமா?

விடிந்தும் விடியாத நேரம். வாசலில் கோலம் போடும் பெண்கள். கோவிலுக்கும் வாக்கிங்குக்கும் புறப்பட்ட பாட்டிமார்கள். 2025 மார்ச் 25-ந் தேதி அந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் 2 பேர். சுமார் ஒரு மணி நேரம்தான். சென்னையில் 6 இடங்களில் பெண்களின் சங்கிலி பறிபோனது!

நகரமே திடுக்கிட்டது. போலீசாரும் சும்மா இருக்கவில்லை. கேமரா படங்களை வைத்துத் துப்பு துலக்கினார்கள். விமான நிலையத்துக்குத் தகவல் பறந்தது. ஊரை விட்டுப் பறக்க இருந்த 2 ஆசாமிகள் அங்கேயே பிடிபட்டார்கள். ரெயிலில் தப்பிய இன்னொருவர் ஆந்திராவில் சிக்கினார். பிடிபட்டவர்களில் ஒருவர் மறுநாள் தரமணி அருகே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்.

சில மணி நேரத்தில் ஆளைப் பிடித்ததற்கு சபாஷ் போடலாம். ஆனால் ஒரு கேள்வி. கேமரா திருடனைக் காட்டிக் கொடுக்கும், திருட்டைத் தடுக்குமா? தெருமுனையில் ஒரு காக்கிச் சட்டை தெரிந்திருந்தால் வந்த வண்டி அப்படியே திரும்பிப் போயிருக்காதா?

ஊர் பெருத்துப் போச்சு

174 சதுர கிலோ மீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 2011-ல் 426 சதுர கிலோ மீட்டர் ஆனது. அதையும் தாண்டி மேடவாக்கம், வண்டலூர் என்று ஊர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்று ஏரிக்கரை, இன்று அடுக்குமாடி!

புறநகருக்கென்று 2008-ல் தனி போலீஸ் கமிஷனர் வந்தார். 2011-ல் மறுபடி சென்னையோடு சேர்த்தார்கள். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம், ஆவடி என்று 2 புதிய கமிஷனர் அலுவலகங்கள். போர்டு மாட்டியாச்சு, சரி. தெருவில் நடக்க ஆள்?

கணக்குப் பாருங்க!

ஒரு இடத்தில் 24 மணி நேரமும் ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டும். 8 மணி நேர டூட்டி என்றால் நாளைக்கு 3 பேர். வாரத்துக்கு 21 டூட்டி. வாரம் ஒருநாள் ஓய்வு கொடுத்தால் ஒருவர் பார்ப்பது 6 டூட்டி. ஆக, மூன்றரை ஆள்! லீவு, கோர்ட்டு, பயிற்சி எல்லாம் போக 4 பேர் இல்லாமல் கதை நடக்காது.

போலீஸ்காரர்களுக்கு வார ஓய்வு தர 2021-ல் அரசு உத்தரவு போட்டது. நல்ல காரியம். ஆனால் மாற்று ஆள் இருந்தால்தானே ஏட்டையா வீட்டுக்குப் போக முடியும்?

இதற்கு நடுவே பந்தோபஸ்து வேறு. பொதுக்கூட்டமா, கூப்பிடு! சேப்பாக்கத்தில் கிரிக்கெட்டா, கூப்பிடு! விநாயகர் ஊர்வலமா, கூப்பிடு! அன்றைக்குத் தெரு ரோந்து என்ன ஆகும்? குற்ற விசாரணையையும் சட்டம்–ஒழுங்கையும் தனித்தனியாகப் பிரியுங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 2006-ல். பிரித்தாலும் இரண்டு பக்கமும் ஆள் போதுமான அளவு வேண்டும்.

"எங்க லிமிட் இல்லீங்க!"

சங்கிலியைப் பறிகொடுத்து ஓடி வருபவரிடம் எல்லைப் பிரச்சினை பேசக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டப்படி, சம்பவம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியாக வேண்டும். பறிப்பைத் தனிக் குற்றமாக்கி, 3 ஆண்டு வரை ஜெயில் என்றும் அதே தேதியில் வந்த சட்டம் சொல்கிறது.

பொதுமக்களுக்கும் வேலை உண்டு. ஊருக்குப் போகிறீர்களா? ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். தெருவில் மாட்டிய கேமரா ஓடுகிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். சந்தேக ஆசாமி கண்ணில் பட்டால் 100 அல்லது 112-ஐ அழையுங்கள்.

ஆனால் அழைத்தால் வருவதற்கு ஜீப் வேண்டும். ஜீப்பில் ஏற ஆள் வேண்டும். காலியிடங்களை நிரப்புவது அரசின் பொறுப்பு. திருடன் ஷிப்டு பார்த்து வருவதில்லை!